சாம்பிள் எங்கே எடுத்தீங்க?

தண்ணி நல்லதான்னு பார்க்க நம்மில் பலருக்குத் தெரிஞ்ச ஒரே கருவி டிடிஎஸ் மீட்டர். 150 காட்டினா நிம்மதி, 900 காட்டினா கேன் தண்ணி. ஆனா ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் ஈயம் இருந்தா அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா அது எண்ணுற சின்ன அளவே 1 மில்லிகிராம். இந்தியத் தரப்படி குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிறம், ருசி எதுவும் இல்லாத இந்த ஈயத்தை ஒரு ஊரே எப்படிக் கண்டுபிடிச்சது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரத்துக்குப் போவோம்.

அப்போ சுமார் 1 லட்சம் பேர் வாழ்ந்த ஊர். டெட்ராய்ட் சுத்திகரித்து அனுப்பிய ஹியூரான் ஏரித் தண்ணியைத்தான் பல வருஷமா குடிச்சாங்க. செலவைக் குறைக்கணும்னு 2014 ஏப்ரல் 25 அன்று ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாறினாங்க.

டெட்ராய்ட் தண்ணியில் ஆர்த்தோபாஸ்பேட் சேர்ப்பாங்க. பழைய ஈயப் பைப்போட உள்சுவரில் அது எளிதில் கரையாத ஒரு படிவத்தை உண்டாக்கும். தண்ணி ஈயத்தை நேரடியா தொடாது. ஃப்ளின்டில் அதைச் சேர்க்கவே இல்லை. போதாக்குறைக்கு ஆற்றுத் தண்ணியில் குளோரைடு பல மடங்கு அதிகம். படிவம் கரைய ஆரம்பிச்சது. இரும்பு பைப்புகளும் அரிச்சு, குழாயில் ஆரஞ்சு நிறத்தில் தண்ணி வந்தது. துரு குளோரினையும் தின்னுடும், அதனால கிருமி. கிருமிக்காகக் குளோரினைக் கூட்டினா, ஆற்றுத் தண்ணியின் கரிமப் பொருளோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன் எல்லை மீறியது. அக்டோபர் 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் தொழிற்சாலையில் இந்தத் தண்ணியை நிறுத்திடுச்சு, பாகங்கள் துருப்பிடிக்குதுன்னு. வீடுகளுக்கு மட்டும் அதே தண்ணி தொடர்ந்தது.

மக்கள் பாட்டிலோடு கூட்டங்களுக்கு வந்து கத்தினாங்க. தண்ணி தரத்துக்கு உட்பட்டதுதான்னு பதில் வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பும் தண்ணியில் ஈயப் பிரச்சினை இல்லைதான். ஈயம் கலக்கிறது தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில், அந்தக் கடைசி சில மீட்டரில். அதனால சாம்பிளை வீட்டுக் குழாயில், 6 மணி நேரமாவது திறக்காம வச்சிருந்து, முதல் லிட்டரில் எடுக்கணும். ஃப்ளின்டில் கொடுத்த வழிமுறையோ முந்தின ராத்திரியே 5 நிமிஷம் குழாயைத் திறந்து விடச் சொன்னது. பைப்பில் தேங்கின ஈயம் அப்பவே சாக்கடைக்குப் போயிடும்!

அடுத்தது நம்ம பாடம். அப்போதைய அமெரிக்க விதிப்படி சாம்பிள்களை ஏறுவரிசையில் அடுக்கி, 90-வது பெர்சென்டைல் 15 பிபிபி-ஐத் தாண்டினா நடவடிக்கை எடுத்தே ஆகணும். 2015 முதல் பாதியில் ஃப்ளின்டில் 71 சாம்பிள். அதில் 2 அதிக அளவு காட்டியவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினதும், 15-ஐத் தாண்டியிருந்த எண் 11-க்கு இறங்கிடுச்சு. நீக்கினதில் ஒன்று லீஆன் வால்டர்ஸ் என்ற அம்மாவின் வீட்டு சாம்பிள்: 104 பிபிபி. வீட்டில் ஃபில்டர் இருக்குன்னு காரணம் சொன்னாங்க. லேபில் கிராஃப் நேரா வரலைன்னு ஒரு ரீடிங்கைத் தூக்கிப் போடும் பழக்கம் நமக்கும் உண்டு. இதைப் படிச்சபோது எனக்குக் கொஞ்சம் கூசியது.

வால்டர்ஸ் விடலை. வர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸிடம் போனார். அவர் வீட்டில் எடுத்த 30 சாம்பிளில் ஒன்று 13,200 பிபிபி. 5,000-ஐத் தாண்டினாலே அபாயக் கழிவு. பிறகு எட்வர்ட்ஸின் மாணவர்கள் (ஆமா, நம்மைப் போன்ற மாணவர்கள்தான்) 300 கிட் அனுப்பினாங்க. ஊர்மக்களே தூங்கி எழுந்ததும் முதல் தண்ணியைப் பிடிச்சு, 250-க்கும் மேல் திருப்பி அனுப்பினாங்க. 90-வது பெர்சென்டைல் சுமார் 27.

2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா ரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். 5 வயதுக்குக் கீழே, ரத்தத்தில் ஈயம் அதிகமான குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தாங்க. முதலில் மாநில அரசு மறுத்தது, அப்புறம் ஒத்துக்கிட்டது. அக்டோபர் 16 அன்று டெட்ராய்ட் தண்ணி திரும்ப வந்தது.

2018 ஏப்ரலில், ஈய அளவு எல்லைக்குள் வந்துடுச்சுன்னு சொல்லி இலவச பாட்டில் தண்ணியை அரசு நிறுத்தியது. அந்த எண் உண்மைதான். ஆனா கடைசி பாட்டில்களுக்கு கார்கள் வரிசையில் நின்னுச்சு.