பெரியவர்களின் உடம்பில் பலம் குறைகிறதா? வீட்டிலேயே பாருங்கள்

கல்வராயன் மலையில் ஏறி இறங்கியே பழகிய பெரியவர்கள்கூட வயது போகப்போகக் கை ஊன்றாமல் எழ முடியாமல் தவிப்பதுண்டு. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். தசை பலம் குறைவதைச் சீக்கிரம் கண்டுகொண்டால் பெருமளவு மீட்கலாம்.

1. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். மர நாற்காலியே நல்லது. கைகளை மார்பின் குறுக்கே கட்டியபடி ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். செல்போனில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் வகுத்த அளவு இது. விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்திலேயே நிற்பது கட்டாயம். தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

2. சமதரையில் 6 மீட்டர், அதாவது சுமார் 20 அடி, வழக்கம்போல் நடக்கச் சொல்லுங்கள். 6 விநாடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது.

3. அவரவர் இரு கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களை வளையமாக்கிக் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கட்டும். இடைவெளி விட்டுத் தொளதொளத்தால் தசை கரைந்திருக்கலாம். கால் வீக்கம் இருந்தால் இதை நம்ப வேண்டாம்.

4. கைப்பிடி பலத்தை அளக்க மருத்துவமனையில் கருவி உண்டு. ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம். வீட்டில், பாட்டி பிழிந்து கொடியில் போட்ட சேலையைப் பாருங்கள். முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் சொட்டுகிறதா? தைல பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிடுகிறாரா? கை சொல்லும் சேதி அதுதான்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, காலண்டரில் குறித்து வையுங்கள்.

6. மரவள்ளிக்கிழங்கும் கஞ்சியும் மட்டும் தசைக்குப் போதாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமாவது புரதம் தினமும் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். சாமைச் சோற்றோடு துவரம்பருப்பு, கொள்ளு, மொச்சை சேருங்கள். பல் இல்லாதவர்களுக்கு வேர்க்கடலையை இடித்துக் கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்.

7. எழுந்து உட்காரும் பயிற்சியையே தினமும் முடிந்தவரை செய்யட்டும்.

8. காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, ஒருமுறை விழுந்தாலோ தாமதிக்காதீர்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். முதியோர் உதவி எண் 14567.