கருவுற்ற தாய்மாரும் ஈரலழற்சி 'பி'யும்

செங்கமாரி என்றதும் கீழ்க்காய்நெல்லி தேடிப் போவது எமது ஊர் வழக்கம். அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் 'ஏ' வகை பெரும்பாலும் தானாகவே மாறிவிடும். ஆனால் 'பி' வகை வேறு. அது இரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுவது. அக்கிருமியைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற புளும்பேர்க் என்ற அறிஞரே சென்னை ஆய்வாளர்களுடன் சேர்ந்து கீழ்க்காய்நெல்லியை ஆராய்ந்து, பலன் உண்டென்று 1988 இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே இதற்கு மூலிகையை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானோரிடமே இது நிலைத்துவிடும். பிறக்கும்போது தொற்றிய பிள்ளைகளிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் நிலைத்துவிடும். பிள்ளை சுகமாகவே வளரும். பல ஆண்டுகளின் பின்னரே ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ தலைகாட்டும். தாய்க்கும் எந்த அறிகுறியும் இல்லாதிருக்கலாம். இரத்தப் பரிசோதனையாலன்றி அறிய வழியில்லை.

இலங்கையில் இத்தடுப்பூசி 2003 தொடக்கமே குழந்தைகளுக்கு அட்டவணைப்படி சேர்க்கப்பட்டது. இன்று வன்னியில் கருவுறும் தாய்மார் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். பின்னர் பிறந்தோரிலும் 2008, 2009 இடப்பெயர்வுகளில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்தோர் பலர். "சின்னனிலை எல்லா ஊசியும் போட்டதுதானே" என்று இருந்துவிடாமல், கிளினிக்கில் பதியும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ இப்பரிசோதனை பற்றிக் கேளுங்கள். தொற்று இல்லையெனில், தேவையானவர்கள் கர்ப்ப காலத்திலும் தடுப்பூசி போடலாம், கருவுக்குத் தீங்கில்லை.

தொற்று இருந்தாலும் கலங்க வேண்டாம். பிள்ளை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் தடுப்பூசியும், அதனுடன் இமியூனோகுளோபுலின் என்ற ஊசியும் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். இரண்டாம், நான்காம், ஆறாம் மாத ஊசிகளையும் தவறவிடக்கூடாது. கிருமி மிகுந்த தாய்க்குக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் மாத்திரையும் கொடுப்பார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

திருவிழாக் காலத்துக்கும் ஒரு சொல். உலர்ந்த இரத்தத்திலும் இக்கிருமி ஏழு நாள் உயிர்த்திருக்கும். செடில் முள்ளு, அலகு, காது குத்தும் ஊசி, மொட்டை போடும் பிளேட் ஒருவருக்குப் பயன்படுத்தியதை மற்றவருக்கு எடுக்கலாகாது. நேர்த்திக்கு அதனால் குறைவு வந்துவிடாது.

ஒன்றாய் இருந்து உண்பதால் இது தொற்றாது. தொற்றுள்ள மருமகளுக்குக் கோப்பையும் தட்டும் வேறாக வைக்கும் மாமிமார் இதைக் கவனிக்க வேண்டும். அவளுடைய கணவனையும் மூத்த பிள்ளைகளையும் பரிசோதித்து, தொற்றில்லாதோருக்கு ஊசி போடுவிப்பதே அவ்வீட்டில் செய்ய வேண்டியது.