ஒலிபரப்பிலிருந்து ஒளிபரப்புக்கு

(கட்டுரைப் பயிற்சி: நான் மதிக்கும் ஊடகக் கலைஞர்)

மாணவர்களே, இத்தலைப்பில் "அவர் மிகவும் திறமையானவர், எல்லோராலும் விரும்பப்படுபவர்" என்று மட்டும் எழுதினால் புள்ளிகள் கிடைக்கா. அவர் என்ன செய்தார், எவ்வாறு செய்தார் என்று எழுத வேண்டும். பீ. எச். அப்துல் ஹமீட் அவர்களின் பணியை உதாரணமாகக் கொள்வோம்.

1. இரு சொற்கள்

ஒலிபரப்பு: ஒலியை மட்டும் அனுப்புவது. 1980களில் ஜெர்மனியின் டொயிட்சே வெல்லே வானொலி நமது திருகோணமலையில் அஞ்சல் நிலையம் அமைத்தது. 2013இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

ஒளிபரப்பு: காட்சியையும் அனுப்புவது. இலங்கை ரூபவாஹினி 1982இல் ஒளிபரப்பைத் தொடங்கியது.

இரண்டுக்கும் இடையே லகர ளகர வேறுபாடு மட்டுமே உண்டு. அதைப் பிழையாக உச்சரித்தால் பொருளே மாறிவிடும்.

2. பணியின் படிகள்

கொழும்பைச் சேர்ந்த ஹமீட், 1960களில் இலங்கை வானொலியில் அறிவிப்பாளரானார். வானொலியில் முகம் தெரியாது. குரலும் உச்சரிப்புமே அறிவிப்பாளரின் மூலதனம். லகர, ளகர, ழகரங்களைத் தெளிவாக ஒலிப்பவர் என்று இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெயர் பெற்றார்.

அவர் நாடக நடிகருமாவார். எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலித் தொடரிலிருந்து உருவாகி 1976இல் வெளிவந்த "கோமாளிகள்" திரைப்படத்தில் ஐயர் பாத்திரத்தில் நடித்தார். இஸ்லாமியரான அவர், ஐயரின் பேச்சுவழக்கைப் பயின்று பேசியமை கவனிக்கத்தக்கது.

3. பாட்டுக்குப் பாட்டு

வானொலியில் அவர் நடத்திய இந்நிகழ்ச்சி, 1990களில் சன் தொலைக்காட்சி வழியாகத் தமிழ்நாட்டு இல்லங்களுக்கும் சென்றது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் போட்டியாளர் பாட வேண்டும். எழுத்து குறிலா நெடிலா என்று அறியாமல் பாட முடியாது. நாம் இலக்கண வகுப்பில் படிப்பதை அவர் விளையாட்டாக்கினார்.

4. தொகுப்பாளரும் தயாரிப்பாளரும்

தொகுப்பாளர் நம் கண்முன் நிற்பவர். தயாரிப்பாளரோ விதிகளை வகுத்து, பங்குபற்றுவோரைத் தெரிவுசெய்து, நேரத்தைப் பங்கிட்டு, ஒலிப்பதிவை மேற்பார்வை செய்பவர். மேடையில் இயல்பாகத் தோன்றும் பேச்சின் பின்னால் இத்தகைய ஆயத்தம் இருக்கிறது.

5. நமக்குரிய பாடம்

திருகோணமலை நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பேசும் தமிழ் சற்று வேறுபடும். அது குறையன்று, வெட்கப்பட வேண்டியதும் அன்று. பேச்சுவழக்கையும் பொதுவழக்கையும் இடமறிந்து கையாள்வதே தேர்ச்சி. "தமிழ் படித்து என்ன தொழில் செய்வது?" என்று வீட்டில் கேட்டால், மொழியையே தொழிலாக்கி அரை நூற்றாண்டு வாழ்ந்த இவரைச் சொல்லுங்கள். ஆனால் பயிற்சியின்றி அது கைகூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. பின்வரும் சொற்களின் பொருள் வேறுபாட்டைத் தருக: ஒலி – ஒளி – ஒழி, வால் – வாள் – வாழ்.
2. தொகுப்பாளர், தயாரிப்பாளர் ஆகியோரின் பணிகளை வேறுபடுத்துக.
3. உமது ஊரின் பேச்சுவழக்கில் ஐந்து வாக்கியங்கள் எழுதி, அவற்றைப் பொதுவழக்கிற்கு மாற்றுக. இரண்டையும் உரக்க வாசித்துப் பழகுக.