வலிப்பு நோயை மறைக்க வேண்டாம்

நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்கள் பலவாகும். பக்கவாதம், ஒற்றைத் தலைவலி, நீரிழிவினால் கால் மரத்துப்போதல் ஆகியவற்றைப் பற்றி நம் தோட்ட மக்கள் ஒளிவுமறைவின்றிப் பேசுகின்றனர். வலிப்பு நோய் மட்டும் வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படுகிறது. பெண்ணின் திருமணம் தடைப்படும், பையனின் வேலை போய்விடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். மறைப்பதனால் நோய் தீர்வதில்லை. மருந்து கிடைக்கும் காலந்தான் தள்ளிப்போகிறது.

மூளையின் உயிரணுக்கள் நுண்ணிய மின் துடிப்புகளின் வாயிலாகவே ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவற்றுள் பல ஒரே நேரத்தில் கட்டுக்கடங்காமல் துடிக்கும்பொழுது வலிப்பு உண்டாகிறது. 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் துடிப்புகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்றும் அம்முறையிலேயே இந்நோய் ஆராயப்படுகிறது. பேய்க்கும் செய்வினைக்கும் இதில் இடமில்லை.

பிறக்கும்பொழுது ஏற்பட்ட மூச்சுத் திணறல், தலையில் பட்ட காயம், மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி முதலியவை காரணங்களாகலாம். சம்சு போன்ற மதுவை நெடுங்காலம் மிகுதியாக அருந்தியவர் திடீரென நிறுத்தும்போதும் வலிப்பு வருவதுண்டு. பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. இது தொற்றுநோய் அன்று; நோயாளியின் வாய்நுரை பட்டாலும் பிறருக்கு வாராது.

கீழே விழுந்து கைகால்களை உதறுவது மட்டுமே வலிப்பு என்று எண்ணுதல் கூடாது. வகுப்பில் அமர்ந்திருக்கும் சிறுவன் சில விநாடிகள் வெறித்து நோக்கிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் எழுதத் தொடங்குவான். ஒரே நாளில் இது பலமுறை நிகழலாம். கவனமற்ற பிள்ளை என்று அவனைக் கண்டிப்பதற்கு முன், மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்; அப்பெருமை சாவிக்குப் போய்விடுகிறது! சாவியாவது தீங்கு செய்வதில்லை. பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதும், கைகால்களை அழுத்திப் பிடிப்பதும், நினைவு திரும்புமுன் நீர் புகட்டுவதும் பெருந்தீங்கு. பல் உடையும், நீர் மூச்சுக்குழலில் இறங்கும். அருகிலுள்ள வெட்டுக்கத்தி, கல் முதலியவற்றை அகற்றித் தலையின்கீழ் மடித்த துணியை வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ, உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

முறையாக மருந்துண்டால் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பீனோபார்பிட்டோன் 1912ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வருகிறது. பினைட்டாயின், கார்பமசெபின், சோடியம் வால்புரோயேட் முதலியவை பின்னர் வந்தவை. ஆறு மாதமாக வலிப்பு வரவில்லையே என்று எண்ணி மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் பலர். முன்னினும் கடுமையான வலிப்பு திரும்புவதற்கு இதுவே வழி. பொதுவாக ஈராண்டுகளேனும் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி ஆலோசிப்பார்.

கார்பமசெபின் உண்ணத் தொடங்கிய சில வாரங்களில் தோலில் தடிப்போ வாயில் புண்ணோ தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆதலின் அதனை உண்ணும் பெண்கள் கருத்தரிக்குமுன்பே மருத்துவரைக் கலந்து மருந்தை மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும். விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்பவர் இரவில் நேரத்தோடு உறங்குதல் அவசியம். வலிப்பு அடங்கும்வரை உயரத்தில் ஏறுதல், தனியே ஆற்றில் குளித்தல், வண்டியோட்டுதல், செம்பனைக்குலை வெட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நிர்வாகத்திடம் உண்மையைச் சொன்னால் வேறு வேலை கேட்கலாம். மறைத்தால் அதற்கும் வழியில்லை.

மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது வலிப்பை நேரில் கண்டவர் ஒருவரும் உடன் செல்வது நல்லது, நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றும் நினைவிராது. வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள், முதலில் இழுத்தது எந்தக் கை என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் எடுத்த படம் இருந்தால் அதனையும் காட்டலாம்.