நாத்தவறும் பதவித் துறவும்

கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு நம் இல்லத் திண்ணையில் சமயப் பாடம் சொல்லி வருகிறோம். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், ஐந்து சமிதிகளுள் பாஷா சமிதியை விளக்கிக்கொண்டிருந்தோம். நன்மை தருவதாகவும் அளவாகவும் ஐயத்துக்கு இடமின்றியும் பேசுதல் என்று சொல்லி முடிக்குமுன், எட்டாம் வகுப்பு முடித்த சிறுமியொருத்தி எழுந்து, "டீச்சர் பாட்டி, நம்ம ஊர் எம்.எல்.ஏ. ஏன் மந்திரி பதவியை விட்டார்? அப்படி என்ன பேசினார்?" என்று வினவினாள். நாம் விடை கூறாமல் அடுத்ததாகிய ஏஷணா சமிதிக்குச் சென்றுவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற நமக்கு அது தலைகுனிவே. அன்று விட்ட பாடத்தை இவ்விதழில் நடத்த முற்படுகிறோம்.

திருக்கோவிலூர்த் தொகுதியில் 2016-இலும் 2021-இலும் வென்றவர் திரு. க. பொன்முடி அவர்கள். கல்லூரிப் பேராசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். உயர்கல்வித் துறை அமைச்சராகப் பணியாற்றி, 2024 செப்டம்பர் இறுதியில் வனத்துறைக்கு மாற்றப்பட்டவர். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் சென்னையில் நடந்த ஓர் அரங்கக் கூட்டத்தில், சைவ வைணவச் சமயச் சின்னங்களையும் பாலியல் தொழில் செய்யும் பெண்ணையும் பிணைத்து அவர் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். அச்சொற்களை இங்கு எழுத இயலாது. திண்ணையில் நம் வாய் அடைபட்டதற்கும் அதுவே காரணம். ஏப்ரல் 11 அன்று கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். உடனே மன்னிப்பும் கோரினார். சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 27 அன்று அமைச்சர் பதவியினின்று விலகினார்.

நம் ஊர்க் கடைத்தெருவில் அப்போது இருவிதமாகப் பேசிக்கொண்டனர். "ஒரு வார்த்தைக்காகவா பதவி?" என்றனர் சிலர். "இது நம் சமயத்தைப் பற்றியதன்று, நமக்கெதற்கு?" என்று நம் இல்லங்களிலும் சிலர் கூறக் கேட்டோம். பிற சமயத்தாரின் நெற்றிக் குறி இகழப்படும்போது, சிறுபான்மையோராகிய நாம் ஒதுங்கி நின்று நகைப்பது அறமும் அன்று, அறிவும் அன்று. இது நிற்க.

பதவியினின்று ஒருவரை அகற்றும் வேலையைச் சட்டம் ஓரளவே செய்கிறது. அதனை நம் தொகுதியே நேரிற் கண்டது. 2023 டிசம்பரில், வருமானத்திற்கு மிஞ்சிய சொத்து வழக்கில் உயர்நீதிமன்றம் பொன்முடி அவர்களுக்கு மூன்றாண்டுச் சிறையும் 50 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படியும், 2013 ஜூலை 10-இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படியும், தண்டனை பெற்ற உறுப்பினர் மேல்முறையீட்டைக் காட்டிப் பதவியில் நீடிக்க வழியில்லை. ஆகவே அமைச்சர் பதவி போயிற்று, தொகுதியும் வெற்றிடமாயிற்று. ஏறக்குறைய 80 நாட்கள் நம் ஊருக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 2024 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்விக்க மறுக்க, உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட, மார்ச் 22 அன்று அவர் மறுபடி அமைச்சரானார். இவ்வழக்கின் நியாய அநியாயம் நீதிமன்றத்திற்குரியது; நாம் அதிற் புகவில்லை. சட்டம் ரூபாயை எண்ணும், தண்டனை ஆண்டுகளை எண்ணும், நாளைக் குறிக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்துக் கதைக்கு அத்தகைய அளவுகோல் ஏதுமில்லை. நாவினால் செய்த குற்றத்திற்காக அமைச்சர் தாமாகவே பதவி விலகுதல் எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்படவில்லை. அமைச்சரவையில் ஒருவரை வைப்பதும் நீக்குவதும் முதலமைச்சரின் கருத்தைப் பொறுத்தது. மற்றபடி அவரவர் மனச்சான்றே நீதிபதி.

நம் பள்ளி நினைவொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1980-களில் ஒரு கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு நாம் வகுப்பாசிரியை. வகுப்புத் தலைவன் கணக்கிற் கெட்டிக்காரன். ஒரு நாள் நாம் வருமுன், விறகு விற்றுப் பிழைக்கும் தாயொருத்தியின் மகளைப் பற்றி இழிவான வேடிக்கை ஒன்று சொன்னான். வகுப்பே சிரித்திருக்கிறது. விசாரித்தபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டான், மன்னிப்பும் கேட்டான். தலைவன் பொறுப்பை விடும்படி சொன்னோம். "கணக்குல நான்தானே டீச்சர் முதல் மார்க்கு?" என்றான். மதிப்பெண்ணை யாரும் பறிக்கவில்லை, வகுப்பில் அவன் இடத்தையும் பறிக்கவில்லை. ஆனால் நாள்தோறும் காலையில் அப்பெண் தன் வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் அவன் பொறுப்பு. அவள் அவனெதிரே போய் நிற்க வேண்டியிருந்ததே நம்மை உறுத்தியது.

ஆகவே நம் கருத்து இது. ஒருவருடைய தனி வாழ்வில் நிகழும் பிழை ஒவ்வொன்றுக்கும் பதவியைப் பிடுங்க வேண்டுவதில்லை. இல்லறத்துப் பிணக்கும் குடும்பத்துத் துயரும் ஊரார் அம்பலத்துக்குரியன அல்ல. அவற்றைத் தோண்டுவதும் ஒருவகை இம்சையே. பதவியின் வாயிலாக யார் அவரிடம் சென்று நிற்க வேண்டியவரோ, அவரையே அப்பிழை இழிவுபடுத்தினால் மட்டும் அது தனிப்பிழையாக நிற்பதில்லை. அமைச்சரிடம் மனுக்கொடுப்போரில் பெண்களும் உளர். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் இதே அமைச்சர் ஒரு விழாவில், பேருந்தில் "ஓசி"யில் போகிறீர்கள் என்று பெண்களைப் பார்த்துக் கூறினார். பின்னர் வருத்தமும் தெரிவித்தார். அவ்வாண்டில் அப்பேருந்தில் சென்று வந்த கிழவிகளுள் நாமும் ஒருத்தி. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தரும்போதெல்லாம் அச்சொல் நினைவுக்கு வந்தது. வருத்தம் தெரிவித்தது செய்தித்தாளோடு போயிற்று.

அயல்நாட்டில் ஒரு சான்று உண்டு. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராயிருந்த புரொஃபியூமோ, ஒரு பெண்ணுடன் தமக்கிருந்த தொடர்பைப் பற்றி 1963 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் உண்மைக்கு மாறாகப் பேசினார். ஜூன் மாதத்தில் பொய்யை ஒப்புக்கொண்டு விலகினார். மனைவிக்குச் செய்த துரோகம் அவ்விருவருக்கிடையிலானது. சபையில் சொன்ன பொய்யோ, தம் சொல்லை நம்பவேண்டிய சபைக்கே இழைத்தது. அதன்பின் அவர் அரசியலுக்குத் திரும்பவேயில்லை. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஏழைகளுக்கான ஓர் அறநிலையத்தில் பல பத்தாண்டுகள் தொண்டாற்றினார். நம் நாட்டில் 2017 ஜனவரியில், மேகாலய ஆளுநராயிருந்த தமிழகத்தவர் திரு. வி. சண்முகநாதன், ஆளுநர் மாளிகை ஊழியர்களே புகார் மடல் எழுதியதையடுத்துப் பதவி விலகினார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆயினும் தம் கீழ்ப் பணிபுரிவோரே அஞ்சும் நிலையில் அம்மாளிகையில் எங்ஙனம் இருத்தல் கூடும்?

தாமே முன்வந்து விலகியவர் என்றால் நம் தலைமுறையினருக்கு லால்பகதூர் சாஸ்திரியார்தாம் நினைவுக்கு வருவார். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமுற்று ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே அமைச்சராகிய அவர் பதவியைத் துறந்தார். பாலத்தை அவர் உடைக்கவில்லை. அவர்மீது தனிப்பழி ஏதுமில்லை. எனவே இது வேறு இனம் என்பதை அறிவோம். எனினும் அரியலூருக்கும் திருக்கோவிலூருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே அமைச்சர் பிறர் தள்ளுமுன் எழுந்தார். இங்கே கட்சி கண்டித்து, நீதிமன்றம் கண்டித்து, பதினாறு நாட்கள் கழிந்தன.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பிராயச்சித்தத்தை ஒன்பதாகப் பகுத்துரைக்கிறது. முதலாவதாகிய ஆலோசனை, தன் குற்றத்தைத் தானே குருவின்முன் எடுத்துரைத்தல். பிறர் சொல்லி, கைபேசிக் காட்சி ஊரெல்லாம் பரவிய பிறகு ஒப்புக்கொள்வதை அவ்வாறு அழைக்க நமக்கு மனம் வரவில்லை. ஏழாவது சேதம். குற்றம் செய்த முனிவரின் தீட்சைக் காலத்தைக் குறைத்தல். அவர் முனிவராகவே இருப்பார். ஆயினும் நேற்றுவரை தம்மை வணங்கியவரை இன்று தாம் வணங்குவார். எட்டாவது பரிகாரம், குறித்த காலம் சங்கத்தினின்று விலகியிருத்தல். ஒன்பதாவது உபஸ்தாபனை, மறுதீட்சை அளித்தல். அமைச்சர் மகாவிரதியல்லர், முனிவர்க்குரிய விதியை அவர்மேல் ஏற்றல் மிகை என்பாருக்கு நாம் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் இவ்வரிசையில் திரும்பி வருதலுக்கும் இடமுண்டு, அதற்கு முன் கீழே அமர்தலுக்கும் இடமுண்டு. அரசியலில் முன்னது மட்டுமே நடைமுறையில் இருப்பதாகத் தோன்றுகிறது.

கர்நாடகத்தில், சட்டமன்றத்தில் ஆபாசக் காட்சி பார்த்ததாகத் தொலைக்காட்சியில் செய்தி வெளியாகி, 2012 பிப்ரவரியில் அமைச்சர் மூவர் விலகினர். அவர்களுள் ஒருவர் 2019-இல் துணை முதலமைச்சரானார். நம் தொகுதி உறுப்பினருக்கோ 2025 நவம்பரில், ஏழு மாதங்களுக்குள், அதே துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பு மீண்டும் வழங்கப்பட்டது. ஏழு மாதம் போதுமா, ஏழாண்டு வேண்டுமா என்று நாம் கணக்கிடவில்லை. அக்காலத்திற்குள் இழிவுபட்டோரிடம் எவரேனும் சென்று கேட்டனரா என்பதே நம் கேள்வி.

ஜம்பைக் குன்றின் குகையில், அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்கு உறைவிடம் ஈந்த செய்தி கல்லில் இருக்கிறது. 1981-இல் அதனைக் கண்டறிந்தனர். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு மன்னனின் செயல் நம் வட்டத்தில் நிலைத்திருக்கிறது. இந்நாளில் ஆள்வோரின் பேச்சைக் கைபேசிகள் பதிந்து வைக்கின்றன. அரங்கக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன் என்னும் சமாதானம் இனிச் செல்லாது.

நம் மாணவனின் கதையை முடிக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அவனை மீண்டும் தலைவனாக்கலாமா என்று அப்பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "இருக்கட்டும் டீச்சர்" என்றாள். பொறுப்பு அவனிடம் சென்றது. முதல் ஒரு வாரம் அவள் தன் நோட்டைத் தோழி கையில் கொடுத்தனுப்பினாள்.