நாச்செஸ் நகரும் அதன் பழம்பாதையும்

அமெரிக்காவின் தென்மாநிலங்களுள் ஒன்று மிசிசிப்பி. அப்பெயரே கொண்ட பேராற்றின் கீழைக் கரையில், சுமார் 200 அடி உயர்ந்த மேட்டின்மீது அமைந்துள்ள சிறுநகர் நாச்செஸ். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 14,520. தமிழ்நாட்டு அளவில் நோக்கின் அஃது ஒரு பேரூராட்சிக்கே ஒப்பாகும்.

இவ்வூரில் வசந்த காலத்தில் நடைபெறும் விழாவுக்கு 'யாத்திரை' என்றே பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஆயின் ஆங்கே காணப்பெறுவது மூர்த்தியுமன்று, தீர்த்தமுமன்று. பழைய பருத்திச் செல்வர்களின் மாளிகைகள். இவ்வழக்கம் தோன்றிய வரலாறு சுவையானது. 1931-இல் மாநிலத்துத் தோட்டக் கழகத்தார் இங்கு மாநாடு கூடியபோது, பருவந்தவறி வந்த உறைபனியால் மலர்கள் கருகிவிட்டன. காட்டுதற்குத் தோட்டமில்லாமற் போகவே, ஊர்ப் பெண்மணிகள் தத்தம் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டனர். வந்தோர்க்கு மலரினும் மாளிகையே பிடித்துப்போயிற்று! மறு ஆண்டாகிய 1932 முதல் அஃது ஆண்டு விழாவாயிற்று.

மாளிகைகளுள் எண்கோண வடிவிலமைந்த 'லாங்வுட்' குறிப்பிடத்தக்கது. ஹாலர் நட் என்னும் தோட்ட முதலாளி 32 அறைகளோடு அதனைக் கட்டத் தொடங்கினார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூளவே, வடக்கிலிருந்து வந்திருந்த தொழிலாளர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினர். கீழ்த்தளத்து ஒன்பது அறைகள் மட்டுமே நிறைவெய்தின. 1864-இல் உரிமையாளரும் மறைந்தார். மேல்தளங்கள் இன்றும் வெறுஞ்செங்கல்லாகவும் மரச்சட்டமாகவுமே நிற்கின்றன. நிறைவுற்ற மாளிகைகள் பலவற்றைக் காட்டிலும் இக்குறைக் கட்டடமே மக்களை அதிகம் ஈர்ப்பது வியப்பன்று.

நகருக்குப் பெயர் தந்தோர் நாச்செஸ் என்னும் பழங்குடியினர். அவர்தம் தலைவர் 'பெருஞ்சூரியன்' எனப்பட்டார். அவருக்குப் பின் பதவி அவர் மகனுக்குச் செல்லாது, உடன்பிறந்தாள் மகனுக்கே சென்றது. கேரளத்து மருமக்கள்தாய முறையை அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. பிரெஞ்சுக்காரர் 1716-இல் இங்கே கோட்டை கட்டினர். நில ஆசை மிகவே, 1729-இல் பழங்குடியினர் எழுந்து இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். இரண்டே ஆண்டுகளில் அவர்களே நாடிழந்தனர். பிடிபட்டோர் பலர் கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கப்பட்டனர். தப்பியோர் பிற குடிகளிடம் அடைக்கலம் புகுந்தனர். அவர்கள் எழுப்பிய மண்மேடுகள் மட்டும் ஊருக்குள் எஞ்சியுள்ளன. வடகிழக்கே சில மைல் தொலைவிலுள்ள 'எமரால்டு' மேடு அவற்றினும் பெரிது; ஏறத்தாழ எட்டு ஏக்கர் பரப்புள்ளது.

இனி, பாதை. நாச்செஸிலிருந்து வடகிழக்கே நாஷ்வில் வரை செல்லும் இத்தடம், முதலில் விலங்குகளும் பின்னர் பழங்குடியினரும் நடந்து உண்டாக்கியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஹையோ பள்ளத்தாக்கினர் தட்டைப் படகுகளில் சரக்கேற்றி ஆற்றோட்டத்தோடு மிதந்து வருவர். சரக்கை விற்பர், ஓட்டத்தை எதிர்த்துச் செலுத்தவியலாத படகையும் மரவிலைக்கே விற்பர், பின்னர்க் காசை இடுப்பில் முடிந்துகொண்டு ஊருக்கு நடப்பர். நாஷ்வில் சேர ஏறக்குறைய 35 நாட்கள். பாதயாத்திரை சென்று பழகியோர்க்கு அத்தனை நாள் நடையின் வருத்தம் விளங்கும். போதாக்குறைக்கு வழிப்பறி அச்சம் வேறு. வழிநெடுகச் சத்திரங்கள் தோன்றின. 'மவுண்ட் லோக்கஸ்ட்' என்னும் ஒன்று இன்றும் உள்ளது. அப்பகுதி மண் காற்றால் கொண்டுவரப்பட்டுப் படிந்த நுண்மண்ணாதலின், மிதிபட மிதிபடக் கரைந்து, பாதை சிலவிடங்களில் ஆளுயரத்துக்கு மேலும் தாழ்ந்து ஓடை போலாயிற்று. போர்ட் கிப்சன் அருகில் அதனை இன்றும் காணலாம்.

1811-இன் இறுதியில் முதல் நீராவிக் கப்பல் நாச்செஸ் துறைக்கு வந்தது. எதிரோட்டத்திலும் ஏறிச்செல்லும் கலம் கிடைத்தபின் நடப்போர் யார்? சில பத்தாண்டுகளில் பாதை தூர்ந்தது. அதனையொட்டி அமைந்த 444 மைல் சாலை 1938-இல் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் வந்து, 2005-இல்தான் முற்றுப்பெற்றது. அதில் சரக்கு வண்டிகளுக்கு இடமில்லை.

வீடு திரும்புவோர் வடக்கு நோக்கி நடந்த அதே தடத்தில், தெற்கு நோக்கி நடத்தப்பட்டவர்களும் உண்டு. வர்ஜீனியா முதலிய இடங்களில் விலைக்கு வாங்கப்பட்ட கறுப்பின மக்கள் விலங்கிடப்பட்டு இவ்வூர்ச் சந்தைக்குக் கொணரப்பட்டனர். கொள்ளைநோய் அச்சத்தால் 1833-இல் சந்தை நகரெல்லைக்கு வெளியே, சாலைகள் பிரியும் முனைக்குத் தள்ளப்பட்டது. தென்னகத்தில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெருஞ்சந்தை இதுவே. 1863-இல் வடபுலப் படை நகரைக் கைக்கொண்டதும் விற்பனை ஒழிந்தது. அடிமைகளை அடைத்துவைத்த கொட்டடிகளைக் கறுப்பினப் படைவீரர்களே இடித்து, அம்மரங்களைத் தம் பாசறைக்குப் பயன்கொண்டனர். மாளிகை விழா 1932-இல் தொடங்கியிருக்க, மாளிகைகளுக்குப் பொருள் ஈட்டித் தந்தோர் விற்கப்பட்ட இம்முனை 2021-இல்தான் தேசிய வரலாற்றுப் பூங்காவில் சேர்ந்தது. இடைவெளி எண்பத்தொன்பது ஆண்டு.

அம்முனைக்குச் செல்ல விரும்புவோர் ஊர் நடுவிலிருந்து செயின்ட் கேத்தரின் தெரு வழியே கிழக்கே நடத்தல் நன்று. தெருவின் தொடக்கத்திலேயே 'ரிதம்' இசைக் கூடம் எரிந்த இடம் உள்ளது. 1940 ஏப்ரல் 23 இரவு, அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட உலர்பாசியில் தீப்பற்றிற்று. சன்னல்கள் பலகையடித்து மூடப்பட்டிருந்தன, வாயிலும் ஒன்றே. கறுப்பின மக்கள் 209 பேர் மாண்டனர். 2010-இல் அங்கு நினைவுக் காட்சியகம் அமைந்தது. அதனைக் கடந்து ஏறத்தாழ ஒரு மைல் செல்லின் சந்தை முனை வரும். கட்டடம் ஏதுமில்லை, புல்வெளியும் விளக்கப் பலகைகளும், தரைக் காரையில் பதித்த இரும்பு விலங்குகளுமே உள்ளன.