கோர்னீலியா: கற்சுவர்கள் காக்கும் கடலோரச் சிற்றூர்

இத்தாலியின் வடமேற்கே, லிகூரியா மாநிலக் கடற்கரையில், ‘சிங்குவே தெர்ரே’ எனும் பகுதி அமைந்துள்ளது. இப்பெயருக்கு ‘ஐந்து நிலங்கள்’ என்பது பொருள். ஐந்நிலம் என்றவுடன் தமிழ் மாணவர்களாகிய நமக்குத் திணைகளே நினைவுக்கு வரும். இங்கோ அது மொன்தெரோசோ, வெர்னாட்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்து ஊர்களைக் குறிக்கின்றது. இவற்றுள் சந்தடி குறைந்த கோர்னீலியாவை இக்கட்டுரை அறிமுகப்படுத்துகின்றது.

அமைதிக்குக் காரணம்

மற்ற நான்கு ஊர்களும் கடலை ஒட்டியுள்ளன. கோர்னீலியா மட்டும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை முனையின்மேல் அமர்ந்துள்ளது. லா ஸ்பெட்சியா நகரிலிருந்து இரயிலில் வருபவர் கீழேயுள்ள நிலையத்தில் இறங்கி, ‘லார்தரீனா’ எனப்படும் 382 படிகளை ஏறியாக வேண்டும்; அல்லது சிறு பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். படகுத்துறை இல்லாததும் படிகள் மிகுந்திருப்பதும் கூட்டத்தைக் குறைத்து விடுகின்றன. மேலே ஒரே ஒரு நீண்ட குறுந்தெரு, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பேதுரு தேவாலயம், தெரு முடியுமிடத்தில் கடல் என ஊர் சுருங்கிவிடுகின்றது.

கடலோர ஊராயினும் இம்மக்கள் நெடுங்காலமாகத் திராட்சைத் தோட்டங்களையே நம்பி வாழ்ந்தவர்கள். 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ இயற்றிய ‘தெக்கமெரோன்’ கதைத்தொகுதியிலேயே கோர்னீலியாவின் திராட்சை மது குறிப்பிடப்பட்டுள்ளது.

சாந்தில்லாச் சுவர்களின் நுட்பம்

செங்குத்தான மலைச்சரிவில் தோட்டம் அமைந்தது எப்படி? மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கற்சுவர் எழுப்பி, அதன் பின்னால் மண் நிரப்பினர். சுண்ணாம்போ சிமெண்டோ இன்றிக் கல்லின்மேல் கல்லை அடுக்கியே இச்சுவர்களைக் கட்டினர். இதனை வறுமையின் அடையாளமாக எண்ணிவிடக் கூடாது. மழைநீர் கற்களின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறுவதால் மண்ணுக்குள் நீரழுத்தம் பெருகுவதில்லை. வடிகால் இல்லாத சிமெண்டுச் சுவரோ நீரைத் தேக்கி, ஒருநாள் மண்ணோடு சரிந்துவிடக்கூடும்.

ஆயினும் இச்சுவருக்கு ஓயாத பராமரிப்பு தேவை. ஒரு கல் பிதுங்கினால் உடனே எடுத்து அடுக்க வேண்டும். இல்லையேல் அதனைச் சுற்றியுள்ள பகுதியும் தளர்ந்துவிடும்.

மனிதர் விலகினால் மலையும் விலகும்

1874ஆம் ஆண்டு இவ்வழியே இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர் நகரத் தொழில்களை நாடி இளையோர் வெளியேறினர். தோட்டங்கள் புதராயின; வடிகால்கள் தூர்ந்தன; சுவர்கள் சரிந்தன. 1997இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. 1999இல் இது தேசியப் பூங்காவாயிற்று. ஆனால், பட்டயங்கள் கல் அடுக்குவதில்லை.

2011 அக்டோபர் 25ஆம் நாள் பெய்த பெருமழையில் வெர்னாட்சாவும் மொன்தெரோசோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் பலியாயின. பெருமழையே முதற்காரணம். எனினும், பேணப்படாத படிகளிலிருந்து சரிந்த மண்ணும் கல்லும் அழிவைப் பெருக்கின. மறு ஆண்டு, ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘காதல் பாதை’யில் பாறை விழுந்து சுற்றுப்பயணிகள் காயமுற்றனர். அப்பாதை 2024இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இதற்கிடையே 2018இல், சாந்தின்றிக் கற்சுவர் எழுப்பும் கலையை இத்தாலி உட்பட எட்டு நாடுகளின் மரபாக யுனெஸ்கோ அங்கீகரித்தது.

பயணியின் பங்கு

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் சிந்திக்க வேண்டும். பயணிகள் காணவருவது உழவர் உருவாக்கிய அழகை. ஆனால், மலையில் மண்வெட்டி பிடிப்பதைவிடப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுவது எளிது, வருமானமும் அதிகம். ஆகவே, பயணிகள் பெருகப் பெருக உழவர் குறையும் ஆபத்து உண்டு. பயணத்தைத் தவிர்ப்பது இதற்குத் தீர்வாகாது. எப்படிப் பயணம் செய்கிறோம் என்பதே கேள்வி. அவ்வகையில் நாம் செய்யத்தக்கவை சில:

1. ஒரே நாளில் ஐந்து ஊர்களையும் ஓடி முடிக்காமல், ஓரூரில் ஓரிரவேனும் தங்குதல்.
2. கோர்னீலியாவிலிருந்து வெர்னாட்சாவுக்கு நடந்துசென்று, வழியிலுள்ள சுவர்களை உற்றுநோக்குதல். பாதைக்குரிய கட்டணத்தைத் தவறாது செலுத்தி, பிடிப்புள்ள காலணி அணிதல்.
3. சுவர்மீது ஏறாமலும் கல்லைப் பெயர்க்காமலும் இருத்தல்.
4. நினைவுப் பொருள் வாங்குவதாயின், அம்மண்ணில் விளைந்த பொருளையே வாங்குதல்.

அழகிய இடங்கள் பலவும் தாமாக நிலைத்திருப்பவை அல்ல. யாரோ சிலரது அன்றாட உழைப்பால் நிலைத்திருப்பவை. கோர்னீலியாவின் அமைதியைச் சுவைக்கச் செல்பவர், அதனைத் தாங்கி நிற்கும் கைகளையும் அறிந்து திரும்புவாராயின் அப்பயணம் கல்வியாகும்.